அழி போட்ட கட்டில்

ஆவூர்
9 செப்டம்பர் 1956

அன்புத் தம்பி சந்தனராஜுக்கு,

நீ அனுப்பிய மருந்துப் பொட்டலமும் கடிதமும் வந்து சேர்ந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான் எழுத உட்காருகிற நேரமெல்லாம் உன் மச்சான் எழுந்திருக்கிற நேரமாக இருக்கிறது.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்து மூன்றாம் மாதம் நடக்கிறது. பஸ் கூரையில் ஏறி மூட்டை இறக்கும்போது தலைகுப்புற விழுந்தவருக்கு உயிர் மிஞ்சியதே பெரிது என்று டாக்டர் சொன்னதை அப்போதே உனக்கு எழுதினேன். இப்போது காயம் ஆறி, முடி முளைத்து மூடிவிட்டது. பார்க்க வருகிறவர்கள், "கண்டக்டரு நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இடது கையும் காலும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கால் கேட்காது என்பது அவர் ஞாபகத்தில் நிற்பதில்லை. அதுதான் எங்கள் பாடு.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் எத்தனை தூரம் என்று உனக்குத் தெரியும். கீரனூர் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தால் போதும், விலுக்கென்று எழுந்து, "டிரிப்பு போயிரும், பையி எங்க, பையி எங்க?" என்பார். வலது காலை ஊன்றுவார். இடது கால் வராது. விழுவார். போன வாரம் இரண்டு முறை விழுந்தார். ஒரு முறை புருவம் கிழிந்து தையல் போட்டோம்.

என் லீவு முடிந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். இனியும் லீவு கேட்டால் என் வகுப்புக்கு வேறு டீச்சரைப் போட்டுவிடுவார்கள். பகலில் அத்தைதான் அவருக்குத் துணை. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. மகன் கட்டிலில் இருக்கிறாரா இல்லையா என்று கையால் தடவித்தான் பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், அவருடைய வலது கையை ஒரு பழைய சேலைத் துணியால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. நான் கத்திவிட்டேன். "நான் என்னத்தா செய்வேன்? எனக்குக் கண்ணா தெரியுது? விழுந்து மண்டை ஒடஞ்சா ஒனக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்று அத்தை அழுதார்கள். அவர் அழவில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நீங்க எங்க எறங்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். வாய் நிறைய 'டீச்சர், டீச்சர்' என்று என்னைக் கேலி செய்கிற மனிதர்.

நீ ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸராக இருக்கிறவன். இப்படி எழுந்து எழுந்து விழுகிறவர்களை அங்கே என்ன செய்கிறீர்கள்? கட்டிப் போடாமல் ஒரு வழி இருந்தால் எழுது.

உன் அக்காள்
ஜெபமாலை


தோட்ட ஆஸ்பத்திரி, பேராக், மலாயா
21 செப்டம்பர் 1956

அக்கா,

கட்டிப் போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கட்டினால் திமிறுவார்கள், திமிறினால் தோல் உரியும், சில பேருக்குக் கை மரத்தே போய்விடும். அத்தையைத் திட்ட வேண்டாம். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்?

எங்கள் வார்டில் மலைக்காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுகிறவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இரும்புக் கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு மாட்டிவிடுவோம். பிள்ளைகள் படுக்கிற மரத்தொட்டிலுக்கு இருக்குமே, அதே போல, பெரியவர்களுக்கு. ஆள் புரளலாம், கை காலை நீட்டலாம், ஆனால் கீழே விழ முடியாது. நீங்கள் பிச்சை ஆசாரியைக் கூப்பிட்டு, நம் பலகைக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும், சன்னலுக்கு அடிப்பது போல மரச்சட்டத்தில் அழி அடிக்கச் சொல்லுங்கள். மெத்தைக்கு மேல் ஒரு முழ உயரம் இருக்கட்டும். ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்தால் உங்களுக்கு அவரைத் துடைக்க, உடுத்த வசதி. நான் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து தடுப்புப் போட்ட கட்டிலிலிருந்து ஒருவரும் விழுந்து பார்த்ததில்லை. தைரியமாகச் செய்யுங்கள்.

இன்னும் கொஞ்ச காலம் திருச்சியிலேயே வைத்திருங்கள் என்று நான் எழுதியதை நீங்கள் கேட்கவில்லை. சரி, அது போகட்டும்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஒருவன்தான் டிரஸ்ஸர். கம்யூனிஸ்டுகளோடு நடக்கிற காட்டுச் சண்டையும் இன்னும் ஓயவில்லை. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். மற்ற நாளெல்லாம் என் தலையில். நாகப்பட்டினத்தில் என்னைக் கப்பல் ஏற்றிவிட வந்த மச்சான், என் பெட்டியைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "ரைட், போலாம்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனது கண்ணிலேயே நிற்கிறது.

சந்தனராஜ்


ஆவூர்
14 அக்டோபர் 1956

தம்பி,

அழி போட்டாயிற்று. பூவரசு மரத்தில் பிச்சை ஆசாரி அழகாகவே செய்துவிட்டார். மூலையெல்லாம் இழைத்து, கையில் சிராய் ஏறாமல் தேய்த்துக் கொடுத்தார். "டீச்சரம்மா, கட்டிலுக்கு அழி அடிச்சது இதுதான் எனக்கு மொதத் தடவ" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் தூங்கினேன். அவர் விழுந்த நாளிலிருந்து கண்ணை மூடினாலும் காது மூடுவதில்லை எனக்கு. முதல் இராத்திரியே அடித்துப் போட்டது போலத் தூங்கி, காலைப் பூசைக்கு மணி அடித்தது கூடத் தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுடன் சிரித்துப் பேச முடிகிறது. அத்தை, "சந்தனம் புண்ணியவான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள்.

அவருக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. அழியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று குரல் கொடுத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். அத்தையும் நானும் சிரித்துவிட்டோம்.

ஆனால் முந்தாநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, கழற்றி வைத்த பக்கத்தை எடுத்து மாட்டியபோது, இரண்டு சட்டத்துக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். புத்தி தெளிந்த முகம். "என்ன டீச்சர், நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றார். என்னை அடையாளம் தெரிந்து கூப்பிட்டது அன்றுதான். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேரமாகிவிட்டது.

'அது போகட்டும்' என்று எழுதிவிட்டு, திருச்சி விஷயத்தை எதற்கு எழுதினாய்? அங்கே அவர் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்? நீயா?

கோபத்தில் எழுதிவிட்டேன். காகிதத்தைக் கிழிக்க மனமில்லை. உன் யோசனைக்கு நான் கடமைப்பட்டவள்தான்.

ஜெபமாலை


தோட்ட ஆஸ்பத்திரி, பேராக்
6 நவம்பர் 1956

அக்கா,

இதைப் பொறுமையாகப் படியுங்கள். அத்தைக்கு இப்போது படித்துக் காட்ட வேண்டாம்.

எங்கள் வார்டில் முனியசாமி என்று ஒருவர் இருந்தார். ரப்பர் பால்வெட்டுக்காரர், கந்தர்வகோட்டைப் பக்கம். காய்ச்சலில் பிதற்றினார் என்று தடுப்புப் போட்ட கட்டிலில் விட்டிருந்தோம். சகல ஆத்துமாக்கள் திருநாளன்று காலையில் நான் வேலைக்கு வந்தபோது, அவர் மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் இறங்கிக் கிடந்தார். கால்கள் கட்டிலுக்கு வெளியே. கழுத்து உள்ளே மாட்டியிருந்தது. உடம்பு ஆறிப்போயிருந்தது. இரவு ஆயாள் வார்டின் மறுகோடியில் பிரசவக்காரி ஒருத்தியுடன் இருந்திருக்கிறாள். இவர் சத்தம் போட்டிருக்க முடியாது, அக்கா. கழுத்து அப்படி மாட்டியிருந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எல்லாக் கட்டிலையும் சோதித்து எழுதிக் கொடு என்றார். ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். மெத்தையைக் கையால் தள்ளிப் பார்த்தால், பாதிக் கட்டிலில் அது நழுவி, ஓரத்தில் ஆள் இறங்குகிற இடைவெளி விடுகிறது. சில தடுப்பு ஆடுகிறது. நோயாளிகளைக் கேட்டால், தடுப்பின்மேல் ஏறித் தாண்டிக் குதித்தவர்கள் இருக்கிறார்கள். ஆயாமார்கள் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சும்மா விழுந்தால் கட்டில் உயரம். தாண்டி விழுந்தால் அதற்கு மேலும் ஒரு முழம். யாரும் விழுந்து பார்த்ததில்லை என்று உங்களுக்கு எழுதினேன். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் கட்டிலில் உடனே பாருங்கள். மெத்தை நழுவுகிறதா? சட்டங்களுக்கு நடுவில் தலை நுழைகிறதா? முக்கியமாக, மச்சான் அழியின்மேல் ஏறப் பார்க்கிறாரா? ஏறுகிறவருக்கு அழி ஆகவே ஆகாது. அவர் மற்றவர்களைப் போல ஒடுங்கின ஆள் இல்லை. மூட்டை தூக்கின உடம்பு.

தந்தி அடிக்கலாம் என்று டவுன் வரைக்கும் போனேன். வீட்டு வாசலில் தந்திக்காரன் நின்றால், பிரிக்கும் முன்பே நான் செத்துவிட்டேன் என்று அத்தை அலறுவார்கள். அதுவும் இல்லாமல், இத்தனையையும் பத்து வார்த்தையில் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். கடிதம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

சந்தனராஜ்


ஆவூர்
18 நவம்பர் 1956

தம்பி,

உன் கடிதம் கிடைத்ததும் கட்டிலண்டை போய் நின்றேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு நடுவில் என் தலையையே வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. மெத்தை இலவம்பஞ்சு. அவர் புரண்டு புரண்டு ஓரம் அமுங்கி, என் கை முழங்கை வரை இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் பழைய போர்வைகளைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். அவர் பிடுங்கி எறிகிறார். நான் மறுபடி திணிக்கிறேன்.

ஏறப் பார்க்கிறாரா என்று கேட்டிருந்தாய். ஆம். அழி போட்ட மூன்றாவது வாரமே வலது காலைத் தூக்கி அழியின்மேல் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் நான் வீட்டில் இருந்தேன், இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறார். உனக்கு எழுதவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நீ என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டேன்.

அழியைக் கழற்றலாம் என்றால் அத்தை சம்மதிக்கவில்லை. "கழட்டுனா நான் அங்கிட்டே போக மாட்டேன். நீயே பள்ளிக்கொடத்த விட்டுட்டு ஒக்காந்து பாரு" என்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டால் மூன்று பேரும் எதைச் சாப்பிடுவது என்று அவர்களுக்கும் தெரியும். பிச்சை ஆசாரியைக் கேட்டால், "இன்னும் ஒரு சாண் ஒசத்திப் போட்டுருவோமா?" என்கிறார். பங்குச் சுவாமியார் வந்து அழியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே கஷ்டந்தாம்மா" என்றார். பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அழி இருந்தால் முனியசாமிக்கு ஆனது போல ஆகிவிடுமோ என்று பயம். கழற்றினால் மறுபடி விழுவாரே என்று பயம். நான் வகுப்பில் நிற்கும்போது இரண்டும் ஒன்றாக வருகிறது. யோசித்து யோசித்து எனக்கு ஓய்ந்துவிட்டது. நீ சொல்லித்தான் போட்டேன். இப்போதும் நீயே சொல். வைப்பதா, கழற்றுவதா? காரணமெல்லாம் வேண்டாம். ஒரு வார்த்தை எழுது, செய்கிறேன்.

ஜெபமாலை


தோட்ட ஆஸ்பத்திரி, பேராக்
28 நவம்பர் 1956

அக்கா,

கழற்றிவிடுங்கள்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், எழுதிவிட்டேன். அதை எழுத நான்கு நாள் ஆனது. பெரிய டாக்டரிடம் மச்சானைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "அந்த மனுஷனைப் பார்க்காமல் அவன் கட்டிலுக்கு நான் என்ன சொல்ல?" என்றார். அவர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்கு நான் அப்படிப் பதில் எழுத முடியாதே.

கட்டிலே வேண்டாம். மெத்தையைத் தரையில் போடுங்கள், சுற்றிலும் பாய் விரியுங்கள். விழுந்தாலும் ஒரு சாண்தான். பகலில் பக்கத்தில் இருக்க யாரையாவது பிடியுங்கள். நான் அனுப்புவதில் அவர்களுக்குக் கொடுங்கள்.

அவர் ஏறினதை ஏன் எனக்கு மறைத்தீர்கள்? தெரிந்திருந்தால் முனியசாமி சாகும் வரை நான் காத்திருந்திருக்க மாட்டேன். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனால் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் முடியாது என்று எனக்கும் தெரியும். அதை உங்கள் கையெழுத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

லீவு கேட்டிருக்கிறேன். மாற்று ஆள் கிடைத்தால் விடுகிறோம் என்கிறார்கள்.

சந்தனராஜ்


ஆவூர்
20 ஜனவரி 1957

தம்பி,

கிறிஸ்துமசுக்கு நீ அனுப்பிய கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அப்போது எல்லாம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதப் பயந்துகொண்டே இருந்துவிட்டேன்.

நீ எழுதியபடி மெத்தையைத் தரையில் போட்டோம். பக்கத்து வீட்டுக் காத்தாயி பகலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். புளி கொட்டை எடுக்கிறது, முறத்தில் புடைக்கிறது என்று தன் வேலையை இங்கே கொண்டுவந்து செய்வாள். அவர் தவழ்ந்தார். வாசல் வரை தவழ்ந்து போய் வெயிலில் உட்கார்ந்திருப்பார். முகம் தெளிந்தது. கிறிஸ்துமஸ் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றார். அத்தைகூட, "கழட்டுனதும் நல்லதுக்குத்தான்" என்றார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். காத்தாயி தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். அத்தை அடுப்படியில். நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புச் சன்னலிலிருந்து ரோடு தெரியும். ஹாரன் கேட்டது. பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அவர் நடந்து வந்துகொண்டிருந்தார், தம்பி. யாரும் பிடிக்கவில்லை. வலது காலை வைத்து, இடது காலை வெளிப்பக்கமாகச் சுழற்றி இழுத்து, அதை ஊன்றி, மறுபடி வலது கால். கையைத் தூக்கிப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக்கொண்டு வருகிறார். முகத்தில் அத்தனை அவசரம், அத்தனை சந்தோஷம். நான் ஓடியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடக்கிறார், நடக்கிறார் என்று மட்டும்தான் மனசில் ஓடியது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பிறகுதான் ஓடினேன்.

அவருடன் பல வருஷம் ஓடிய மதுரைவீரன்தான் டிரைவர். அடையாளம் தெரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். நின்ற பஸ்ஸில்தான் இவர் ஏறினார். வலது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து, "ரைட்" என்றாராம். இடது கால் வரவில்லை. அப்படியே இடுப்பு அடிபடப் பின்னால் சாய்ந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் கிடந்தார். மதுரைவீரன் தலையில் அடித்துக்கொண்டு, "நான் நிப்பாட்டாமப் போயிருக்கணும் டீச்சர்" என்று அழுதார். "நிப்பாட்டாட்டி முன்னால வந்து விழுந்திருப்பாருங்க" என்றேன். அதே பஸ்ஸில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி போட்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அத்தை, "யாருடி அழியக் கழட்டச் சொன்னது?" என்று கேட்டார்கள். "நான்தான் அத்தை" என்றேன். அன்றிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. நீ இதில் மனசை அலட்டிக்கொள்ளாதே. கேட்டது நான்.

ஜெபமாலை


தோட்ட ஆஸ்பத்திரி, பேராக்
31 ஜனவரி 1957

அக்கா,

என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இதற்குக் கீழே எழுதுவதை அத்தைக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அத்தைக்குச் சந்தனராஜ் எழுதிக்கொள்வது: அழி போடச் சொன்னதும் நான். கழற்றச் சொன்னதும் நான். அக்காள் இரண்டுக்கும் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள். அக்காளுடன் பேசுங்கள்.

மேற்கொண்டு உங்களுக்கு. நான் எழுதிக்கொடுத்ததை டாக்டர் தோட்ட ஆபீசுக்கு அனுப்பினார். ஆளைப் பார்த்து, எழுந்து தாண்டுகிறவரா, கிடக்கிறவரா, கூப்பிட்டால் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும், இரவுக்கு இன்னும் ஓர் ஆயாள் வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆயாள் கிடையாது என்று பதில் வந்தது. எல்லாக் கட்டிலிலும் தடுப்பைக் கழற்றிவிடச் சொல்லி உத்தரவு. கழற்றினோம். மறுவாரமே ஒரு கிழவர் உருண்டு விழுந்து கை முறிந்தது. இப்போது எல்லாக் கட்டிலிலும் திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். நானே நின்று மாட்டினேன். மாட்டும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்காமல் மாட்டினேன்.

மார்ச்சில் லீவு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பினாங்கிலிருந்து கப்பல். அதுவரை மச்சானை எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிவைவிட நெஞ்சில் சளி கட்டுவதுதான் இந்த மாதிரி ஆட்களுக்கு ஆபத்து. அடிக்கடி நிமிர்த்தி உட்காரவையுங்கள். முதுகைத் தட்டிக்கொடுங்கள்.

மறுபடியும் யோசனை சொல்கிறேன் பாருங்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சந்தனராஜ்


ஆவூர்
24 பிப்ரவரி 1957

தம்பி,

இந்த முறை தந்தி அடித்திருக்க வேண்டியது. அடிக்கவில்லை. நீ தனியாக அதைப் பிரிக்க வேண்டாம் என்றுதான்.

உன் மச்சான் போன சனிக்கிழமை போய்விட்டார். நீ எழுதியது போலவே சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சொன்னபடி நிமிர்த்தி உட்காரவைத்தோம், முதுகைத் தட்டினோம். காலில் எடை தொங்குகிறவரை எவ்வளவு நிமிர்த்த முடியும்? கடைசி நாட்களில் எழுந்திருக்கவே பார்க்கவில்லை. கம்பியைக்கூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் முடியாது என்றதும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சுவாமியார் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுத்தார். என் கை அவர் நெற்றியில் இருந்தது. என்னைத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கோயில் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய தகப்பனார் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

உன் கடிதம் அவரை அடக்கம் செய்த மறுநாள்தான் வந்தது. அத்தைக்கு எழுதிய பகுதியைப் படித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவன் கடலுக்கு அங்கிட்டு இருக்கான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார்கள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு, "ஏத்தா, அழி இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?" என்று கேட்டார்கள்.

நான் என்ன சொல்ல? இருந்திருப்பார் என்று சொன்னால் நாம்தான் கொன்றோம் என்று ஆகிறது. இருந்திருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? உன்னைக் கேட்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம், தம்பி. நீ இதற்குப் பதில் எழுதாதே. வந்தால் அத்தை பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார். அது போதும்.

அத்தை முந்தானையை எடுத்துவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பினார்கள். பிறகு, "நடந்தான்னு சொன்னாகளே, நெசமா?" என்றார்கள்.

"நடந்தாங்க அத்தை. நான் பாத்தேன்."

"எனக்குத்தான் கண்ணு இல்லாமப் போச்சு. எப்படி நடந்தான்?"

வாயால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அவர்களை எழுப்பி முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நின்றேன். வலது காலை வைத்தேன். இடது காலைச் சுழற்றி இழுத்து ஊன்றினேன். மறுபடி வலது கால். என் தோள் ஏறி இறங்குவதை அவர்கள் கையால் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். காத்தாயி வேலிக்கு அப்பால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பூவரச மரம் வரைக்கும் போனதும் அத்தை நின்றுவிட்டார்கள்.

"இம்புட்டுத் தூரமா நடந்தான்?"

"இன்னும் கூட அத்தை. ரோடு வரைக்கும்."

"அப்ப இன்னும் நட" என்றார்கள்.

ஜெபமாலை